மாதத்தின் இரண்டாவது வியாழன்: பசிபிக் கடலைப் பார்த்துச் சம்பா விதைத்த பத்து வருடம்

எங்கள் வயல் மன்னார்குடிக்குத் தெற்கே, கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர நல்ல வருடத்திலேயே நாளாகும், கெட்ட வருடத்தில் வராமலே போகும். மொத்தம் ஒன்பது ஏக்கர், அதில் நான்கு ஏக்கர் பள்ளம், மழை விட்டு ஒரு வாரம் ஆனாலும் அங்கே தண்ணீர் வடியாது. இப்படிப்பட்ட நிலத்தை வைத்திருப்பவனுக்கு மழை குறைந்தாலும் பயம், கூடினாலும் பயம். அந்தப் பயத்தில்தான் பத்து வருடமாக மாதம் தவறாமல் ஒரு வேலை செய்து வருகிறேன். கடலும் காற்றும் இந்த மாதம் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். எங்கோ இருக்கிற பசிபிக் கடலில் அரை டிகிரி கூடினால் எனக்கென்ன என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தவன்தான். 2015 அந்த எண்ணத்தை மாற்றியது.

அந்த வருடம் ஆடி மாதத்திலிருந்தே டிவியில் எல் நினோ வருகிறது, வறட்சி வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தென்மேற்குப் பருவமழையும் நாடு முழுக்கச் சேர்த்து 14 சதவீதம் குறைந்தது. சரி, தண்ணீர் இருக்காது, நாள் குறைந்த ரகமாகப் போட்டுச் சீக்கிரம் அறுத்துவிடலாம் என்று பள்ளத்து நான்கு ஏக்கரிலும் 110 நாள் நெல்லை விதைத்தேன். கதிர் வரும் நேரம், நவம்பரில் ஆரம்பித்த மழை டிசம்பர் முதல் வாரம் வரை விடவே இல்லை. சென்னை மூழ்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும், டிசம்பர் 2ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லை. ஆனால் பள்ளத்து நெல்லைச் சாய்க்க அவ்வளவு தேவையும் இல்லை. சாய்ந்த கதிர் தண்ணீரிலேயே முளைவிட்டது. அந்த வருடம் மேட்டு வயலில் எடுத்ததை வைத்துத்தான் கடனை அடைத்தேன்.

வறட்சி என்றார்களே, இது எப்படி என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. தேடித் தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. டிவியில் சொன்னது பொய் இல்லை, ஆனால் அது என் மழையைப் பற்றியது இல்லை.

எல் நினோ என்பது பசிபிக் கடலின் நடுவிலும் கிழக்கிலும், நிலநடுக்கோட்டை ஒட்டிய மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவது. வழக்கமான நாட்களில் கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று அந்தச் சூட்டு நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளியே வைத்திருக்கும். காற்று தளர்ந்தால் நீர் கிழக்கே நகரும். சூட்டு நீர் இருக்கும் இடத்தில்தான் காற்று மேலெழுந்து மேகமாகும், ஆகவே மேகம் கூடும் இடமும் கூடவே நகர்ந்துவிடும், இந்தோனேசியாவுக்கு மேலே காற்று கீழிறங்க ஆரம்பிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த மாற்றம் நம் நாட்டின் தென்மேற்குப் பருவமழையை அமுக்கும். அக்டோபருக்கு அப்புறம் கதை வேறு. அதே மாற்றம் தெற்கு வங்கக்கடலில் கீழைக்காற்றுக்கு வலுக்கூட்டி, ஈரத்தை இலங்கைப் பக்கமும் நம் கரைப் பக்கமும் கொண்டுவரும். காவிரி பிறக்கும் குடகில் மழையைக் குறைக்கிற எல் நினோ, மன்னார்குடியில் மழையைக் கூட்டுகிற பக்கம் சாய்கிறது. காவிரித் தண்ணீருக்குக் கெட்ட செய்தி, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பெரும்பாலும் நல்ல செய்தி. லா நினா வந்தால், அதாவது அதே நீர் குளிர்ந்தால், இரண்டும் தலைகீழ். தமிழ்நாட்டின் வருட மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பதால், நாட்டின் மற்ற பகுதிகளுக்கு எழுதப்படும் செய்தி நமக்கு அப்படியே பொருந்தாது. ஒரு செய்தியில் எல் நினோ என்று பார்த்தால் எந்தப் பருவத்துக்கு, எந்த ஊருக்கு என்ற இரண்டையும் கேட்காமல் விதை வாங்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இதைக் கற்றுக்கொண்ட கையோடு அடுத்த வருடம் செய்த தப்புதான் இன்றுவரை உறுத்துகிறது.

2016 ஆவணியில் எங்கள் தெருப் பெரியப்பா ஒருவர் வந்து கேட்டார். “தம்பி, நீதான் கம்ப்யூட்டர்ல பாத்துக்கிட்டே இருக்கியே, இந்த வருஷம் மழை எப்படி?” எல் நினோ முடிந்துவிட்டது, லா நினா வந்தாலும் பலம் இருக்காது என்று நான் படித்திருந்தேன். “பரவாயில்லாம இருக்கும் பெரியப்பா, பயப்பட ஒண்ணும் இல்லை” என்றேன். அதை நம்பி அவர் தன் நிலத்தோடு மூன்று ஏக்கர் குத்தகைக்கும் எடுத்தார். மேட்டூரை அந்த வருடம் செப்டம்பர் 20ஆம் தேதிதான் திறந்தார்கள், தண்ணீர் எங்களுக்கு எட்டவில்லை. அக்டோபர் போனது, நவம்பர் போனது, வானத்தில் பஞ்சு மேகம் கூட நிற்கவில்லை. டிசம்பரில் வர்தா சென்னையைச் சாய்த்துவிட்டுப் போனது, எங்களுக்கு ஒரு தூறலும் இல்லை. மாநிலம் முழுக்க வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. அடுத்த ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. பெரியப்பாவின் பயிர் பூப்பதற்கு முன்பே கருகியது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் பல மாதம் அவர் வீட்டுப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன்.

நான் எதைப் பார்க்கத் தவறினேன்? இந்தியப் பெருங்கடலை. பசிபிக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்தவன், நம் வாசலில் இருக்கும் கடலைப் பார்க்கவில்லை. ஆப்பிரிக்கக் கரையோரக் கடலுக்கும் சுமத்ராக் கரையோரக் கடலுக்கும் இடையே ஒரு ஏற்ற இறக்கம் உண்டு, இந்தியப் பெருங்கடல் இருமுனை என்று அதற்குப் பெயர், 1999ல்தான் அதைத் தெளிவாக விளக்கி எழுதினார்கள். மேற்கு சூடாகவும் கிழக்கு குளிராகவும் இருந்தால் நேர்நிலை, மேகம் நம் பக்கம் வரும் வாய்ப்பு கூடும். கிழக்கு சூடானால் எதிர்நிலை, மேகமெல்லாம் சுமத்ராவைச் சுற்றியே குவிந்துகொள்ளும். 2016ல் மிக வலுவான எதிர்நிலை. மழைக்காலம் தொடங்கும் முன்பே, ஜூலை மாதத்திலேயே அது எண்ணாக அறிக்கையில் இருந்தது. ஒரே ஒரு பக்கம் கூடுதலாகப் புரட்டியிருந்தால் “தெரியலை பெரியப்பா, எனக்குப் பயமா இருக்கு” என்றாவது சொல்லியிருப்பேன்.

அதற்கு அப்புறம்தான் நோட்டு.

நோட்டு என்பது எங்கள் வீட்டுக்குப் புதிது இல்லை. அப்பா மார்கழியில் கர்ப்போட்டம் பார்ப்பார். சூரியன் பூராடத்தில் இருக்கும் பதினாலு நாளும் விடிகாலையில் களத்தில் நின்று, மேகம் எந்தப் பக்கம் ஓடுகிறது, காற்று எப்படி, தூறல் உண்டா என்று பார்த்து, கூலிக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நாளுக்கு ஒரு வரி எழுதுவார். அதை வைத்து வரும் வருடத்தில் எந்த மாதம் மழை என்று சொல்வார். அந்தக் கணிப்பு பலித்ததா என்று நான் பின்னால் சரிபார்த்தபோது பலித்த வருடமும் உண்டு, பலிக்காத வருடமும் உண்டு. ஆனால் 22 வருடம் விடாமல் எழுதியிருக்கிறார். என்னிடம் இருந்ததெல்லாம் ஞாபகம்தான், அவரிடம் இருந்தது எழுத்து. அதே நோட்டில் மீதம் இருந்த பக்கங்களில்தான் நான் ஆரம்பித்தேன்.

இப்போது மாதாமாதம் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன், யாராவது ஆரம்பிக்க நினைத்தால் உதவும். அமெரிக்காவின் கடல், வானிலை அமைப்பான நோவா ஒவ்வொரு மாதமும் இரண்டாவது வியாழக்கிழமை எல் நினோ நிலை அறிக்கை வெளியிடுகிறது, நமக்கு அது மாலை ஆறரை அல்லது ஏழரை மணி. ஜப்பான் வானிலை நிறுவனம் பத்தாம் தேதி வாக்கில் வெளியிடும். இந்தியப் பெருங்கடல் இருமுனைக்கு ஆஸ்திரேலிய வானிலை அமைப்பின் பக்கம். மாதக் கடைசியில் நம் இந்திய வானிலை ஆய்வு மையம் அடுத்த மாத மழை, வெப்பநிலை இரண்டுக்கும் முன்னறிவிப்பு தரும், அதிலேயே இரண்டு கடல்களின் நிலையும் இருக்கும். எல்லாம் இலவசம், எல்லாம் போனிலேயே பார்க்கலாம், ஆங்கிலம் கொஞ்சம் தடுக்கும், ஆனால் திரும்பத் திரும்ப அதே இருபது சொற்கள்தான் வரும், மூன்று மாதத்தில் பழகிவிடும்.

முதலில் எழுதுவது நினோ 3.4 என்ற எண். நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் 5 டிகிரி, மேற்கு 170 முதல் 120 டிகிரி தீர்க்கரேகை வரையான கடல் பரப்பு, அங்கே மேல்நீர் வழக்கத்தைவிட எவ்வளவு கூட அல்லது குறைவு என்பது. அரை டிகிரி கூடினால் எல் நினோ எல்லை, அரை டிகிரி குறைந்தால் லா நினா எல்லை. இதில் ஆரம்பத்தில் ரொம்பக் குழம்பினேன். ஒருவர் வந்துவிட்டது என்பார், இன்னொருவர் இன்னும் வரவில்லை என்பார். 2023ல் அமெரிக்கா ஜூன் 8ஆம் தேதியே எல் நினோ என்று அறிவித்தது, ஆஸ்திரேலியா செப்டம்பர் 19ஆம் தேதிதான் அறிவித்தது. கடல் ஒன்றுதான், அளவுகோல் வேறு. ஆஸ்திரேலியாவுக்கு அப்போது எல்லை 0.8 டிகிரி, அதோடு காற்றழுத்தமும் காற்றும் ஒத்துவர வேண்டும். ஜப்பான் பார்ப்பது வேறு கட்டம், இன்னும் கிழக்கே. அதனால் ஒரே இடத்தின் எண்ணை வருடக்கணக்கில் தொடர்ந்து எழுதுவது நல்லது, இந்த மாதம் ஒருவரிடம், அடுத்த மாதம் இன்னொருவரிடம் எடுத்தால் நோட்டு ஒன்றும் சொல்லாது.

இரண்டாவது, கடலுக்கு அடியில் உள்ள சூடு. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பிடித்தது, காரணம் இது கடைமடைக்காரனுக்குச் சட்டென்று புரியும். மேற்கே காற்று திடீரென்று திரும்பி வீசினால் சூட்டு நீர் ஓர் அலையாகக் கடலுக்கு அடியிலேயே கிழக்கே நகர்கிறது, பசிபிக்கைக் கடக்க அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். கல்லணையில் திறந்தது இன்னும் நம் மதகுக்கு வரவில்லை, ஆனால் வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி. மேல்நீர் எண் சாதாரணமாக இருந்தாலும் அடியில் சூடு கிளம்பிவிட்டதா என்று அறிக்கையில் ஒரு படம் காட்டும். நிலநடுக்கோட்டு நெடுக நங்கூரமிட்ட மிதவைகள் 500 மீட்டர் ஆழம் வரை அளக்கின்றன, அதுபோக உலகக் கடல்களில் நாலாயிரம் போல ஆர்கோ மிதவைகள் பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் வரை முங்கி எழுந்து தகவல் அனுப்புகின்றன. மிதவைகளைப் பராமரித்த கப்பல் 2012ல் நிறுத்தப்பட்டு, 2014 ஆரம்பத்தில் பசிபிக் வரிசையில் வரவேண்டிய தகவலில் பாதிகூட வரவில்லை என்று படித்தபோது உண்மையிலேயே பதறினேன். யாரோ எங்கோ நடுக்கடலில் ஒரு மிதவையைச் சரிசெய்யாமல் விட்டால், அதன் ஓட்டை என் விதைப்பு முடிவு வரைக்கும் வருகிறது. இந்த அளவீடுகளுக்குச் செலவு செய்வது வீண் என்று யாராவது பேசினால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

மூன்றாவது, காற்று. கடல் மட்டும் சூடானால் போதாது, காற்றும் அதற்கு ஒத்து மாற வேண்டும், வணிகக் காற்று தளர வேண்டும், மேகம் நடு பசிபிக்குக்கு நகர வேண்டும். டஹீட்டி தீவுக்கும் ஆஸ்திரேலியாவின் டார்வினுக்கும் உள்ள காற்றழுத்த வேறுபாட்டை ஓர் எண்ணாகத் தருகிறார்கள், அதையும் குறித்துக்கொள்கிறேன். இந்த அழுத்தத் தராசைக் கண்டுபிடித்தவர் கில்பர்ட் வாக்கர், 1904ல் நம் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தவர், 1899 மழை பொய்த்துப் பஞ்சம் வந்ததை அடுத்துப் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடியவர். அதற்கும் முன்னால் 1876 முதல் 78 வரை நம் ஊரைத் தின்ற தாது வருஷப் பஞ்சம், அதிலும் ஒரு பெரிய எல் நினோ உண்டு. நம் முன்னோர் செத்து மடிந்த காரணங்களில் ஒன்றைத்தான் இந்த எண்கள் அளக்கின்றன என்பதை நினைத்தால், வெறும் பொழுதுபோக்காக இதைப் பார்க்க முடியாது.

கடலும் காற்றும் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2014 நல்ல பாடம். அந்த வருடம் மார்ச்சில் அடிக்கடல் சூடு பார்த்து எல்லோரும் பெரிய எல் நினோ என்றார்கள். காற்று ஒத்துழைக்கவில்லை, எல் நினோ அறிவிப்பு ஒரு வருடம் தள்ளி 2015 மார்ச்சில்தான் வந்தது. இதில் காலத்துக்கும் பங்கு உண்டு. மார்ச் முதல் மே வரை போடும் கணிப்புகள் எப்போதுமே பலம் குறைந்தவை, அந்த மாதங்களில் பசிபிக் நிலை தடுமாறும், எந்தப் பக்கமும் போகலாம். பங்குனியில் வரும் எல் நினோ செய்தியை நோட்டில் எழுதுவேன், பென்சிலில். ஜூன், ஜூலை அறிக்கைக்கு அப்புறம்தான் பேனா.

ஒரு கணிப்பை எழுதும்போது அது எந்த மாதம் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் மனசு ஏமாற்றும். 2024ல் லா நினா வருவதற்கான வாய்ப்பு என்று என் நோட்டில் இருப்பது இப்படி: ஜூனில், ஜூலை-செப்டம்பருக்குள் 65 சதவீதம். செப்டம்பரில், செப்டம்பர்-நவம்பருக்குள் 71. அக்டோபரில் 60. நவம்பரில், அக்டோபர்-டிசம்பருக்குள் 57. கடைசியில் அறிவித்தது 2025 ஜனவரியில், நம் பருவமழையே முடிந்த பிறகு, அதுவும் ஏப்ரலில் முடிந்துவிட்டது. ஒவ்வொரு மாதமும் “அடுத்த மாதம் வந்துவிடும்” என்று தள்ளிக்கொண்டே போனதை வரிசையாகப் பார்த்தால்தான் தெரியும், தனித்தனியாகப் படித்தவனுக்கு ஒவ்வொன்றும் உறுதியான செய்தி போலவே இருந்திருக்கும். இன்னொன்றும் அப்போது கற்றேன். வெப்பமண்டலக் கடல் முழுக்கவே இப்போது சூடாக இருக்கிறது, 2024 உலகளவில் மிகச் சூடான வருடம். சுற்றியுள்ள எல்லாம் சூடாக இருக்கும்போது நினோ 3.4ஐ மட்டும் பழைய சராசரியோடு ஒப்பிட்டால் குளிர்ச்சி குறைவாகத் தெரியும். வெப்பமண்டலச் சராசரியைக் கழித்துப் பார்க்கிற ஒப்பீட்டு எண் 2024ன் பிற்பகுதியிலேயே லா நினா எல்லையைத் தாண்டியிருந்தது. அதனால் இப்போது இரண்டு எண்ணும் எழுதுகிறேன்.

சரி, இவ்வளவு எழுதியும் மழை சொன்னபடி பெய்கிறதா என்றால், இல்லை. அதை மறைக்க விரும்பவில்லை. 2021 லா நினா வருடம், இருமுனையும் நமக்குச் சாதகமாக இல்லை, என் கணக்குப்படி மழை குறைய வேண்டும். நவம்பரில் ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதிகள் வந்து, மாநிலத்தில் பருவம் முழுக்கச் சேர்த்து வழக்கத்தைவிட 59 சதவீதம் கூடுதலாகப் பெய்தது. பள்ளத்து வயல் ஒன்பது நாள் தண்ணீருக்குள். 2024லும் லா நினா பக்கம் சாய்ந்த கடல்தான், மழை 33 சதவீதம் கூடுதல். 2018ல் கடல் எல் நினோ பக்கம் சூடாகிக்கொண்டிருந்தது, மழை 24 சதவீதம் குறைவு, ஆனால் அந்தக் குறைந்த மழை வருடத்தில்தான் நவம்பர் 16 விடிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரை கடந்து எங்கள் தென்னையை எல்லாம் ஒரே இரவில் முறித்துப் போட்டது. மூன்று மாத மழை எவ்வளவு என்பது ஒரு கேள்வி, ஒரு ராத்திரியில் என்ன நடக்கும் என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு மாத அறிக்கையில் பதில் தேடவே கூடாது, அதற்கு வானிலை மையத்தின் நான்கைந்து நாள் எச்சரிக்கைதான்.

எனவே முடிவுகளைப் பிரித்துக்கொண்டேன். மூன்று மாதம் நீடிக்கிற முடிவுகள், அதாவது குறுவை போடலாமா, சம்பாவுக்கு எந்த ரகம், கடன் எவ்வளவு வாங்கலாம், இவற்றுக்கு மட்டும் எல் நினோவும் இருமுனையும். இரண்டு வார முடிவுகள், மேலுரம் எப்போது போடுவது, அறுவடை இயந்திரத்துக்கு எந்த வாரம் சொல்லி வைப்பது, இவற்றுக்கு மேடன் ஜூலியன் அலைவு. அது நிலநடுக்கோட்டைச் சுற்றி முப்பது முதல் அறுபது நாளுக்கு ஒருமுறை கிழக்கு நோக்கி வலம்வரும் மேகக் கூட்டம். எட்டுக் கட்டமாகப் பிரித்து ஒரு வட்டப் படத்தில் காட்டுவார்கள், இரண்டிலும் மூன்றிலும் இருந்தால் இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது என்று பொருள், அப்போது உரத்தைக் கொட்டிவிட்டு மழையில் கரைய விடக் கூடாது. ஆறு, ஏழில் இருந்தால் மேற்கு பசிபிக்குக்குப் போய்விட்டது, பெரும்பாலும் நமக்கு இடைவெளி. கோடு நடு வட்டத்துக்குள் சுருண்டு கிடந்தால் பலம் இல்லை, பொருட்படுத்த வேண்டாம். வானிலை மையமும் வியாழக்கிழமைதோறும் நான்கு வாரத்துக்கான நீட்டித்த முன்னறிவிப்பு தருகிறது. நாள் கணக்கான முடிவுகளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலைக் குறிப்பு போதும்.

இப்படிப் பிரித்ததன் பலன் 2023ல் தெரிந்தது. ஜூனிலேயே எல் நினோ, ஜூலையில் அடிக்கடல் சூடு குறையவில்லை. அணையில் தண்ணீர் இருக்கிறதே என்று சுற்றுவட்டாரத்தில் பலரும் குறுவை போட்டார்கள், மேட்டூரும் வழக்கம்போல ஜூன் 12ஆம் தேதி திறந்தது. நான் போர்வெல் இருக்கும் ஒன்றரை ஏக்கரில் மட்டும் போட்டேன். வீட்டில் கூட “எல்லாரும் போடறப்ப நீங்க மட்டும் ஏங்க?” என்று கேட்டார்கள். அந்த ஆகஸ்ட் 1901க்குப் பிறகு நாட்டிலேயே மழை குறைந்த ஆகஸ்ட், வழக்கத்தைவிட 36 சதவீதம் குறைவு. காவிரியில் வர வேண்டியது வரவில்லை, குறுவை பல இடங்களில் கருகியது, அக்டோபர் 10ஆம் தேதி மேட்டூரை மூடியே விட்டார்கள். ஆனால் செப்டம்பரில் இருமுனை நேர்நிலைக்கு வந்துவிட்டது, அதனால் ஆற்றுத் தண்ணீரை எதிர்பார்க்காமல் மழையை நம்பிப் புழுதி விதைப்பாகச் சம்பா போட்டேன். மாநிலக் கணக்கில் மழை வழக்கத்தை ஒட்டியே இருந்தது, சில வாரம் வாடினாலும் பயிர் தப்பியது. அதே பருவத்தில்தான் டிசம்பர் 18ஆம் தேதி காலையோடு முடிந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்து தாமிரபரணிக் கரை முழுக்க மிதந்தது. மாநிலச் சராசரியைப் பார்த்தால் அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. ஜனவரி முதல் வாரத்தில் எங்கள் பக்கமும் கொட்டியது, 155 நாள் ரகம் என்பதால் அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தது, பிழைத்தேன்.

நடைமுறையாக இன்னும் சில. சொந்தமாக ஒரு மழைமானி கட்டாயம் வேண்டும், சில நூறு ரூபாய்தான், மரத்தையும் கூரையையும் விட்டுத் தள்ளி வைத்து, தினமும் காலை எட்டரைக்கு அளக்க வேண்டும், வானிலை மையமும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது. தாலுகா ஆபீஸ் மானிக்கும் என் வயலுக்கும் ஒரே நாளில் மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம் பார்த்திருக்கிறேன். கடலின் எண்கள் இடப் பக்கம், என் மழை வலப் பக்கம், எதிரெதிரே இருந்தால்தான் நம் வயலுக்கு எது எவ்வளவு பொருந்துகிறது என்று தெரியும், அதற்கு ஐந்தாறு வருடம் பொறுக்க வேண்டும். இருமுனையை டிசம்பரில் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை, காற்று திரும்பியதும் அது பெரும்பாலும் கலைந்துவிடும், அக்டோபர், நவம்பருக்குத்தான் அது. எந்த அறிக்கை என்ன சொன்னாலும் பயிர்க் காப்பீட்டை நவம்பர் நடுவில் கெடு முடிவதற்குள் கட்டிவிடுகிறேன், 2016ல் கட்டாமல் விட்டது போதும். பள்ளத்தில் சிஆர் 1009 சப் 1 என்ற நெல் ரகம் தவிர வேறு போடுவதில்லை, சில நாள் மூழ்கினாலும் தாங்கும்.

மற்றவர்களுக்குச் சொல்வது எப்படி என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. மழை வருமா என்று கேட்பவருக்கு 60 சதவீதம் என்றால் வரும் என்றே காதில் விழும். இப்போது நான் வருடங்களாகச் சொல்கிறேன். “இதே மாதிரி கடல் இருந்த அஞ்சு வருஷத்துல மூணு வருஷம் குறைஞ்சது, ரெண்டு வருஷம் கூடுச்சு” என்றால் அதற்கு என்ன செய்வது என்று அவரே யோசிக்கிறார். குத்தகை எடுக்கலாமா, கடன் வாங்கலாமா என்று கேட்டால் மூன்று குறைந்த வருடத்தில் ஒன்று வந்தால் தாங்குவீர்களா என்று திருப்பிக் கேட்கிறேன்.

பெரியப்பா 2017 தீபாவளிக்கு அவரே வீட்டுக்கு வந்தார். அதற்கப்புறம் அநேகமாக எல்லா மாதமும் அந்த வியாழன் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். நான் எண்களை வாசிக்க, அவர் அப்பாவின் பழைய பக்கங்களைப் புரட்டி அந்த மாதத்தில் அப்பா என்ன எழுதியிருக்கிறார் என்று பார்ப்பார். போன தடவை வாசித்து முடித்ததும், “அப்ப பள்ளத்துல?” என்றார்.

“ஆயிரத்தொம்பதுதான் பெரியப்பா. கடல் எப்படி இருந்தாலும் அங்க அதுதான்.”

“அதைச் சொல்லு” என்று எழுந்தவர், போகிற வழியில் டார்ச் அடித்து மானியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்.